மேடையிலே பிள்ளை தேடும் முகம்

நவராத்திரி நெருங்கிவிட்டால் எமது ஊர்ப் பாடசாலைகளுக்கு ஒரு புதுக்களை வந்துவிடும். கணித பாடம் நடக்கும் வேளையிலும் அடுத்த மண்டபத்திலிருந்து தாளச் சத்தம் கேட்கும். வாணி விழாவுக்கு இன்னும் இரண்டு வாரமே உண்டென்றால், சின்னஞ் சிறுவர்கள் வீதியிலே நடந்து வருவதில்லை, ஆடிக்கொண்டே வருவார்கள். கல்லூரியிற் கற்பிக்கும் எமக்கு இக்காட்சி புதியதன்று. ஆண்டுதோறும் பார்த்து மகிழ்ந்து, பின்னர் மறந்துவிடுவது எமது வழக்கம்.

ஆனால், சென்ற நவராத்திரிக் காலத்திலே இந்த ஆரவாரம் எமது வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. இரண்டாந் தரத்திற் படிக்கும் எமது இளைய மகள் வாணி விழாவிலே கோலாட்டம் ஆடுவதற்குத் தெரிவு செய்யப்பட்டாள். அதுவே அவளுக்கு முதல் மேடை.

அன்று தொடங்கி வீட்டில் எந்தப் பொருளும் தன் இடத்தில் இருக்கவில்லை. பாடசாலையிலே தந்த கோல்களை ஆசிரியை வீட்டுக்குக் கொண்டு செல்ல விடவில்லை. ஆதலால் அடுப்படியிலிருந்த அகப்பைகள் கோல்களாயின. தாயார் கறிக்கு உப்புப் பார்க்கும் நேரத்திலும் அவள் முன்னே நின்று, “அம்மா, நீங்கள் அந்தப் பக்கம் திரும்புங்கோ” என்று ஆணையிடுவாள். இவ்வாறு தாயும் மகளும் ஆடுவதைச் சாய்மனைக் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார், எண்பதைக் கடந்துவிட்ட எமது தந்தையார். முழங்கால் வருத்தம் அவரை வீட்டோடு கட்டிப்போட்டுவிட்டது. பேத்தியின் ஆட்டத்தைப் பார்ப்பதும், பின்னர் எம்மை ஒருமுறை பார்ப்பதுமாக இருந்தார். அந்தப் பார்வையின் பொருள் எமக்கு விளங்காமலில்லை. ஆயினும் விளங்காதவர் போன்று பத்திரிகையைப் பிரித்துக்கொண்டோம்.

ஏனென்றால், எமது முதல் ஆட்டமும் கோலாட்டமே. அதை எமது தந்தையார் பார்க்கவில்லை.

பூவரசங் கோலும் சைக்கிள் டைனமோவும்

1992 ஆம் ஆண்டு, எமக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பொன்னின் விலை. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சும் திரியும் வைத்துக் கொளுத்துகின்ற சிறு விளக்கே வீடுகளுக்கெல்லாம் வெளிச்சம். அந்த வெளிச்சத்திலே படித்தவர்கள் பலர் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உலகமெங்கும் இருக்கின்றனர். இன்றைய மாணவர்கள் நம்புவார்களோ அறியோம்.

அவ்வளவு நெருக்கடிக்குள்ளும் பாடசாலைகள் நடந்தன. வாணி விழாவும் நடந்தது. எமது ஆசிரியை எட்டுப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துக் கோலாட்டம் பழக்கினார். கோல்களுக்கு எங்கே போவது? வேலியிலே நின்ற பூவரசு கை கொடுத்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான கம்புகளை வெட்டி, பட்டையை உரித்துக் காயவைத்தோம். வர்ணம் பூசுவதற்கு வர்ணமில்லை. அம்மா மஞ்சளைக் குழைத்து ஒரு கோலுக்குப் பூசினார். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்க்கச் சிவந்துவிட்ட கலவையை மற்றக் கோலுக்குப் பூசினார். எமது கோல்களே வகுப்பில் அழகானவை என்று பெரிதும் இறுமாந்திருந்தோம்.

இசைக்கு ஓர் ஒலிநாடாக் கருவி இருந்தது. அதற்கு இடுவதற்கு பற்றரி இல்லை. எனவே ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தைக் கருவிக்குக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தார் அக்காலத்தில் வானொலிச் செய்தி கேட்டதும், சினிமாப் பாட்டுக் கேட்டதும் இந்த உபாயத்தினாலேதான். இதிலுள்ள சங்கடம் யாதெனில், பெடல் சுழலுகின்ற வேகமே பாட்டின் வேகம். சுற்றுகின்ற அண்ணர் உற்சாகமாக இருந்தால் பாட்டு ஓடும். களைத்துப் போனால் பாடகி பாதி உறக்கத்தில் முனகுவதுபோலக் கேட்கும். அதற்கேற்ப நாமும் ஓடியும் நின்றும் ஆடிப் பழகினோம்.

கோலாட்டத்தின் இயல்பு அறிந்தவர்களுக்கு இதிலுள்ள கடினம் விளங்கும். அது தனித்து ஆடுகின்ற ஆட்டமன்று. உள்வட்டம், வெளிவட்டம் என இரு வட்டங்களாக நின்று, முதலில் தன் கோலோடு தன் கோலைத் தட்ட வேண்டும். அடுத்து எதிரே நிற்பவரின் கோலைத் தட்ட வேண்டும். பின்னர் ஒரு வட்டம் வலமாகவும் மற்றையது இடமாகவும் நகர, புதிய துணை எதிரே வந்து நிற்கும். ஒருவர் பிசகினால் எட்டுப் பேரும் பிசகுவர். கோல் இருக்க வேண்டிய இடத்திலே கோல் இல்லையென்றால், எதிரே நிற்பவர் காற்றைத்தான் தட்டுவார். அல்லது எமது விரலைத் தட்டுவார்.

ஜாம் போத்தல் விளக்கு

விழா பிற்பகலில் ஆரம்பமாக வேண்டியது. அன்று ஆகாயத்திலே விமானச் சத்தங் கேட்டமையால் பிள்ளைகளைப் பதுங்கு குழிக்குள் இறக்கி ஏற்றி, எல்லாம் அடங்கித் தொடங்குவதற்குப் பொழுதுபட்டுவிட்டது. வெளிச்சம் வெளியே தெரியாதபடி யன்னல்களுக்குச் சாக்குக் கட்டினார்கள். கோயிலிலிருந்து இரவலாகப் பெற்ற ஒரேயொரு பெற்றோமாக்ஸ் விளக்கை மேடையிலே தூக்கினார்கள். மேடை பகல்போல் ஒளிர்ந்தது. சபையோ காரிருளாய்க் கிடந்தது.

பாட்டுத் தொடங்கியது. முதற் சுற்று நன்றாகவே நடந்தது. இரண்டாஞ் சுற்றிலே பெடல் சுழற்றிய அண்ணருக்குக் கை ஓய்ந்ததோ என்னவோ, பாட்டு இழுபடத் தொடங்கிற்று. எட்டுப் பேரும் எட்டு விதமாக ஆடினோம். எமது கோல் காற்றைத் தட்டியது. சபையிலே யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், காலும் கையும் ஓடவில்லை. கண்களிலே நீர் முட்டிக்கொண்டு நின்றது. இருட்டை நோக்கி அம்மாவைத் தேடினோம். இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அப்போது அந்த இருளின் நடுவே ஒரு சிறு வெளிச்சம் எழுந்தது. வீடு திரும்பும்போது வழிக்கு வேண்டுமென்று அம்மா கொண்டுவந்திருந்த ஜாம் போத்தல் விளக்கு அது. அதைக் கொளுத்தி, எமக்குக் காட்டுவதற்காகத் தம் முகத்தருகே உயர்த்திப் பிடித்திருந்தார். இருட்டிலே அந்த முகம் மட்டும் தெரிந்தது. அம்மா சிரிக்கவுமில்லை, கை காட்டவுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தார், அது போதுமாக இருந்தது. எதிரே வந்த கோலைத் தட்டினோம். பாட்டும் வேகத்துக்கு வந்தது. ஆட்டம் முடியும்வரை அந்த வெளிச்சம் அணையவில்லை.

வீடு திரும்புகையில் விளக்கிலே எண்ணெய் இல்லை. இருட்டிலே தட்டுத் தடுமாறி நடந்தோம். “ஏன் அம்மா கொளுத்தினீங்கள்?” என்று கேட்டதற்கு, “நீ தேடுறாய் எண்டு தெரிஞ்சுது” என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. அம்மா இன்று எம்மோடில்லை. அந்த ஒரு வசனம் இருக்கின்றது.

கேட்டும் ஆடாத ஆட்டம்

எமது தந்தையார் அக்காலத்திலே கொழும்பில் எழுதுவினைஞராகக் கடமையாற்றினார். தரைப்பாதை அடைபட்டுக் கிடந்தது. ஒரு கடிதம் வந்து சேர வாரங்கள் செல்லும். அம்மா எழுதிய கடிதத்தைப் பெற்று, “மகன் மேடையேறினானாம், நான் வரும்போது ஆடிக்காட்ட வேண்டும்” என்று மறுமொழி எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு கிளாலிக் கடலேரியை இரவிலே வள்ளத்திற் கடந்து வந்தார். அவ்வழியில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டே மக்கள் பயணஞ் செய்த காலம் அது. வந்த மறுநாளே, “எங்கே, ஒருக்கா ஆடிக்காட்டு பாப்பம், தம்பி” என்றார்.

நாம் ஆடவில்லை. வெட்கம் வந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். ஒரு வருட காலம் காணாத தந்தை ஏறக்குறைய அந்நியராகவே தோன்றினார். அவர் வற்புறுத்தவில்லை. பத்து நாள் இருந்துவிட்டு மீண்டும் கடலேரியைக் கடந்து போய்விட்டார். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாமும் நடந்தோம். மஞ்சளும் சிவப்புமான கோல்கள் வீட்டோடு போயின. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையே இருக்கவில்லை. கோல்களை யார் தேடுவார்? தந்தையாரும் அதன் பின்னர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்டபோது ஆடியிருக்கலாமே என்ற எண்ணம் மட்டும் எமது மனத்தில் ஒரு மூலையிற் கிடந்தது.

ஆடலுக்குப் பாடசாலை திறந்த கதவு

ஓர் ஆண்பிள்ளை மேடையில் ஆடியதைத் தந்தை விரும்பிக் கேட்டார் என்பதே ஒரு தலைமுறைக்கு முன்னர் அதிசயம். “ஆம்பிளைப் பிள்ளைக்கு ஆட்டம் என்னத்துக்கு?” என்றுதான் எமது பேரனார் கேட்டார். பெண்பிள்ளைகள் ஆடுவதையும் நல்ல குடும்பத்துக்கு ஆகாதென்று கருதிய காலமொன்று இருந்தது. தமிழகத்திலே சதிர் என வழங்கிய ஆடற்கலையைக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இசை வேளாளர் குலத்துப் பெண்களும் நட்டுவனார்களுமாவர். அக்கலையே அவர்களுக்கு அவமானமாக ஆக்கப்பட்டது. 1930களிலே அதன் நிலை மாறத் தொடங்கியது. ஈ. கிருஷ்ணையர் அதற்காக வாதாடினார். பாலசரஸ்வதி தம் மரபின் மேன்மையை மேடையிலே நிலைநாட்டினார். ருக்மிணி தேவி 1935 இல் அடையாற்றிலே ஆடி, அடுத்த ஆண்டிற் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது.

அந்தக் காற்று ஈழத்துக்கும் வீசியது. 1931 இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றியது. இசைக்கும் நடனத்துக்கும் அது நடத்துகின்ற தரப் பரீட்சைகளை எமது பிள்ளைகள் இன்றும் எழுதுகின்றனர். 1934 இல் மகாகவி தாகூர் தமது குழுவினரோடு இலங்கைக்கு வந்து ‘சாபமோசனம்’ என்ற நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார். கல்வியிலே ஆடலுக்கும் இடமுண்டென்பதைச் சாந்திநிகேதனத்தில் நடத்திக் காட்டியவர் அவர். மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கப்பெற்ற இராமநாதன் சங்கீத அக்கடமி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே பயின்ற நடன ஆசிரியைகள் ஊரூராகச் சென்றனர். அதே 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். கிராமத்துக் களரியில் ஆடிய கூத்தைப் படித்த இளைஞர்களும் சலங்கை கட்டி ஆடியதைக் கண்டபோது, ஆண்பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு என்ற கேள்வி வலுவிழந்தது.

இன்று ஆறாந் தரந் தொடக்கம் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகிய அழகியற் பாடங்களில் ஒன்றைப் பிள்ளை கற்கின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் பரதம் ஒரு பாடம். தட்டடவும் நாட்டடவும் அறியாத ஊரில்லை. இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆனால், இந்த வளர்ச்சியோடு கூடவே ஒன்றை நாம் கைதவற விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சென்ற வாணி விழாவிலேதான் கண்டோம்.

மூன்றாம் வரிசை, இடப்பக்கம்

விழாவுக்கு முதல்நாள் இரவு மகள் எம்மிடம் வந்து, “அப்பா, நாளைக்கு நீங்கள் எவ்விடத்திலை இருப்பியள்?” என்று கேட்டாள். “மூன்றாம் வரிசை, இடப்பக்கம்” என்றோம். உறங்கப் போகும்வரை அதையே மனனஞ் செய்துகொண்டிருந்தாள். பாட்டின் வரிகளை அத்தனை முறை சொல்லிப் பார்த்தாளோ தெரியாது.

மறுநாள் மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றன, ஒலிபெருக்கி முழங்கிற்று, பாட்டு இழுபடுவதற்கு வழியில்லை. சொன்னவாறே மூன்றாம் வரிசையில் இடப்பக்கமாக அமர்ந்தோம். பட்டுப் பாவாடையும் கனகாம்பர மாலையுமாகப் பிள்ளைகள் வந்து நின்றதும், சபையிலே ஓர் அசைவு. தாய் தந்தையர் அனைவரும் ஒருசேரக் கைகளை உயர்த்தினர். ஒவ்வொரு கையிலும் ஒரு கைத்தொலைபேசி. எமது கையிலும் ஒன்று. பின்வரிசையார் எழுந்து நின்றனர். முன்வரிசையார் அதனிலும் உயரப் பிடித்தனர். வீட்டிலிருக்கும் அப்பப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்பது எமது நியாயம். மற்றவர்களுக்குங் கனடாவிலும் இலண்டனிலும் காத்திருக்கும் உறவினர் என்று ஆளுக்கொரு நியாயம் இருந்திருக்கும்.

சின்னத் திரையிலே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதற் சுற்று நன்றாக நடந்தது. இரண்டாஞ் சுற்றிலே அவள் முகம் இடப்பக்கம் திரும்பியது. மூன்றாம் வரிசையைத் தேடுகின்றாள் என்று விளங்கிற்று. அவள் கண்டது என்ன? வரிசை வரிசையாகக் கறுத்த சதுரங்கள். அவற்றின் பின்னே முகங்கள் இல்லை. அவளது தந்தைக்கும் முகம் இல்லை. கோல் பாதி உயர்ந்தபடி நின்றுவிட்டது. எதிரே நின்ற பிள்ளை காற்றைத் தட்டினாள். அதைக்கூட நாம் திரையிலேதான் பார்த்தோம். தெளிவாகப் பதிவாகிறதா என்றும் பார்த்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் கணத்திலேதான் பழைய ஜாம் போத்தல் விளக்கு எமது நினைவில் எரிந்தது. வெளிச்சமில்லாத இருட்டிலே, வீட்டுக்குப் போவதற்கு வைத்திருந்த எண்ணெயைச் செலவிட்டுத் தம் முகத்தைக் காட்டினார் அம்மா. இத்தனை விளக்கும் எரிகின்ற மண்டபத்திலே எமது முகத்தை நாமே மறைத்துக்கொண்டிருந்தோம்.

கைத்தொலைபேசியை மடியிலே வைத்தோம். மகள் கண்டுகொண்டாள். அதன் பின்னர் நாம் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எதிரே வந்த கோலைத் தட்டினாள். அடுத்த கோலையும் தட்டினாள். ஆட்டம் முடியும்வரை இடையிடையே மூன்றாம் வரிசைக்கு ஒரு பார்வை வந்து போய்க்கொண்டிருந்தது.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

படம் பிடிப்பது பாவமென்று நாம் கூற வரவில்லை. பிரிந்து வாழ்வதே விதியாகிவிட்ட எமது சமூகத்துக்குப் படத்தின் அருமை நன்கு தெரியும். 1992 இல் இத்தகைய கருவியொன்று எமது அம்மாவிடம் இருந்திருந்தால், கொழும்பிலிருந்த ஒருவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! ஆனால் ஒரு வகுப்புக்கு ஒருவர் படம் பிடித்தால் எல்லோருக்கும் அனுப்பலாம். ஆட்டத்துக்கு முன்னதாக ஆசிரியையும் பெற்றோரும் கூடி அந்த ஒருவரைத் தீர்மானிப்பது கடினமன்று. மற்றவர்களுடைய கைகள் வெறுமையாக இருக்கட்டும், முகங்கள் தெரியட்டும்.

மேடை ஏறுகின்ற சிறுபிள்ளை சபைக்காக ஆடுவதில்லை. கலைக்காகவும் ஆடுவதில்லை, அதற்கு வயது வரும்போது அது வரும். அப்பிள்ளை ஒரே ஒரு முகத்துக்காகவே ஆடுகின்றது. தவறினாலும் அந்த முகம் அங்கேயே இருக்கின்றதா என்றுதான் தேடுகின்றது. இருக்கின்றதென்று கண்டால் மறுபடியும் கோலை உயர்த்தும். நாளைக்குப் பரீட்சை மண்டபத்திலும் நேர்முகத் தேர்விலும் தனித்து நிற்கும்போது அந்தத் துணிவே கூட வரும்.

அன்று மாலை தந்தையார் ஆவலோடு காத்திருந்தார். கைத்தொலைபேசியைக் கொடுத்தோம். சிறிது நேரத்திலே படம் நின்றுவிட்டது. “மிச்சம் எங்கை?” என்றார். நாம் மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில், “மிச்சத்தை நான் ஆடிக்காட்டுறன், அப்பப்பா” என்று மகள் அடுப்படிக்கு ஓடி அகப்பைகளை எடுத்து வந்தாள். கோலாட்டத்துக்குத் துணை வேண்டுமே. தாயார் அடுப்பில் அலுவலாக இருந்தார். “அப்பா, நீங்கள் வாங்கோ” என்று எமது கையிலே இரண்டைத் திணித்தாள்.

உயர்தர வகுப்பு மாணவர்களை அதட்டி அடக்குகின்ற எமக்கு அப்போதும் வெட்கம் வந்தது. ஆனால் ஒளிந்துகொள்வதற்குச் சேலைத் தலைப்பு இருக்கவில்லை. ஆடினோம். தன் கோல், எதிர்க் கோல், பின்னர் ஒரு சுற்று. கால்கள் மறந்திருக்கவில்லை. தந்தையார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முடியும்வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு நீ ஆடினது இதுதானே, தம்பி?” என்று கேட்டார்.

“ஓம், அப்பா.”

“வடிவாத்தான் ஆடியிருப்பாய்” என்றார்.